கம்பெனியின் கணக்கும் குடிமகனின் உரிமையும்

1906ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், ஒரே வாரத்துக்குள், அன்றைய சென்னை ராஜதானியில் இரண்டு சம்பவங்கள் நிகழ்ந்தன. அம்மாதம் 16ஆம் தேதி, தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரம் பிள்ளை முன்னின்று தோற்றுவித்த சுதேசிக் கப்பல் கம்பெனி சட்டப்படி பதிவாயிற்று. பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள், ஆக மூலதனம் 10 லட்ச ரூபாய் என்பது அதன் ஏற்பாடு. 22ஆம் தேதி, சென்னைப் பட்டணத்தில் ஆர்பத்நாட் கம்பெனி கொடுக்கல் வாங்கலை நிறுத்திக் கதவடைத்தது. முன்னதில் ஒரேயொரு பங்கு வாங்கிய சிறு வியாபாரிக்குங்கூட, அந்த ஸ்தாபனத்தின் நோக்கம் என்ன, மூலதனம் எவ்வளவு, பொறுப்பாளிகள் யார் என்று பதிவாளரிடம் போய்ப் பார்த்துக்கொள்ளச் சட்டத்தில் மார்க்கம் இருந்தது. பின்னதோ, ஏறத்தாழ நூறாண்டுக் கீர்த்தி படைத்திருந்தும், சில துரைமார்கள் தமக்குள் கூட்டாக நடத்திவந்த வியாபாரமேயாதலால், அதன் பேரேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க, அதில் வாழ்நாள் சேமிப்பையெல்லாம் போட்டுவைத்திருந்த உத்தியோகஸ்தருக்கும் குடும்பஸ்தருக்கும் யாதொரு பாத்தியதையும் இல்லாதிருந்தது. பெயரை நம்பிப் பணம் போட்டார்கள். பெயர் மட்டுமே மிஞ்சியது.

பங்காளியான சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் விசாரிக்கப்பட்டு 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். மறு ஆண்டே, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோரின் முயற்சியால், பங்குதாரர் பலர் சேர்ந்த பதிவுபெற்ற கம்பெனியாக இந்தியன் வங்கி பிறந்தது. பதிவு செய்துகொண்ட மாத்திரத்தில் ஒரு ஸ்தாபனம் பிழைத்துவிடும் என்பதற்கில்லை. சுதேசிக் கப்பல் கம்பெனியும் அந்நியப் போட்டிக்கும் அரசாங்க அடக்குமுறைக்கும் ஈடுகொடுக்கமாட்டாமல் சில ஆண்டுகளில் மறைந்தது. ஆனால் மறைந்ததன் காரணம் ஊரறிந்தது. அதில் பணம் போட்டவர்கள் இருட்டில் வைக்கப்படவில்லை. ஒரு கம்பெனி தன் விஷயங்களை அரசாங்க அதிகாரிகளிடம் எவ்வளவு சொல்லவேண்டும், அவர்கள் எவ்வளவு கேட்கலாம், கேட்டுப் பெற்றதை யாருக்குக் காட்டலாம் என்ற கேள்விகள் ஆடிட்டர்களுக்கும் வக்கீல்களுக்கும் மட்டுமே உரியவை என்று பலர் எண்ணுகிறார்கள். சீட்டுக் கம்பெனியில் மாதாமாதம் பணம் கட்டுகிறவரும், நிதி நிறுவனத்தில் மகளின் கல்யாணத்துக்கென்று வைப்புத்தொகை போடுகிறவரும், ஆலைக்குக் கடனுக்குப் பஞ்சு அனுப்புகிறவருமே அக்கேள்விகளுக்கு முதல் உரிமையாளர்கள் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இதன் அடிப்படையைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். தனி மனிதன் ஒருவன் கடன்பட்டால், அவன் வீடு வாசல், நிலம் நீச்சு அனைத்தும் அக்கடனுக்குப் பொறுப்பாகின்றன. கம்பெனியின் பங்குதாரருக்கோ, தாம் வாங்கிய பங்கின் தொகைக்கு மேல் ஒரு காசுகூட நஷ்டம் வராது. கம்பெனி கோடிக்கணக்கில் கடன் வைத்து வீழ்ந்தாலும் அவர் வீட்டுக் கதவை யாரும் தட்டமுடியாது. இப்படியொரு சலுகையை இயற்கை யாருக்கும் வழங்கவில்லை. ஜனசமூகம் சட்டத்தின் வாயிலாக வழங்கியிருக்கிறது. சரித்திரத்தில் இச்சலுகை வந்த வரிசை கவனிக்கத்தக்கது. இங்கிலாந்தில் கிளாட்ஸ்டன் வர்த்தகத் துறைக்குத் தலைமை வகித்த 1844ஆம் ஆண்டிலேயே, கம்பெனிகள் தம் விவரங்களைப் பதிவாளரிடம் ஒப்படைக்கவேண்டும் என்ற சட்டம் வந்துவிட்டது. பங்குதாரரின் பொறுப்புக்கு வரம்பு கட்டிய சட்டம் அதற்குப் பதினோராண்டு பிந்தி, 1855இல்தான் வந்தது. நம் நாட்டிலும் அதே வரிசைதான். 1850ஆம் ஆண்டுச் சட்டம் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய நகரங்களின் சுப்ரீம் கோர்ட்டுகளில் கம்பெனிகள் பதிவு செய்துகொள்ள வழி வகுத்தது. வரையறுத்த பொறுப்பு என்னும் அனுகூலம் 1857இல் அளிக்கப்பட்டது. உன் விவரத்தை ஊரறியச் சொல், பிறகு சலுகையைப் பெற்றுக்கொள் என்ற ஒப்பந்தம் அவ்விரு சட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. 1882, 1913, 1956, 2013 என்று சட்டங்கள் மாறி மாறி வந்தபோதும் அந்த ஒப்பந்தம் மாறவில்லை.

ஆகவே, கம்பெனி சர்க்காரிடம் கொடுக்கும் தகவல் சர்க்காரின் சொந்தப் பொருள் ஆகாது. அக்கம்பெனியோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளும் ஜனங்களின் சார்பில், சர்க்கார் தர்மகர்த்தாவாக இருந்து அதைக் காத்துவருகிறது. இதை ஒப்புக்கொண்டால், கொடுப்பவர் உண்மையைக் கொடுக்கவேண்டும் என்பதும், கேட்பவர் சட்டத்துக்கு உட்பட்டுக் கேட்கவேண்டும் என்பதும், காப்பவர் உரியவருக்குக் காட்டவேண்டும் என்பதும் தாமாகவே விளங்கும்.

இன்றைய நடைமுறையில், தமிழ்நாட்டுக் கம்பெனிகளுக்குச் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பதிவாளர் அலுவலகங்கள் இருக்கின்றன. முன்பு கட்டுக்கட்டாகக் காகிதம் சுமந்துகொண்டு போனார்கள். 2006ஆம் ஆண்டு முதல் எல்லாம் கம்ப்யூட்டர் வழியே தாக்கலாகின்றன. கம்பெனியின் வருஷம் மார்ச் 31ஆம் தேதியோடு முடிகிறது. செப்டம்பர் 30க்குள் பொதுக்கூட்டம். கூட்டம் நடந்த 30 நாளைக்குள் ஐந்தொகையும் லாப நஷ்டக் கணக்கும், 60 நாளைக்குள் பங்குதாரர் விவரமும் டைரக்டர் விவரமும் அடங்கிய வருடாந்தர அறிக்கையும் பதிவாளர் கையில் சேரவேண்டும். டைரக்டர் ஒருவர் வந்தாலும் போனாலும் 30 நாள். ஆடிட்டர் நியமனத்துக்கு 15 நாள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஆடிட்டர் அலுவலகங்களில் இரவு நெடுநேரம் விளக்கெரிவதற்கு இந்தத் தவணைகளே காரணம். 2018 ஜூலை முதல், கணக்கையும் வருடாந்தர அறிக்கையையும் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு பத்திரத்துக்கும் 100 ரூபாய் கூடுதல் கட்டணம், உச்சவரம்பில்லாமல் ஏறிக்கொண்டே போகிறது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தாக்கல் செய்யாத கம்பெனியின் டைரக்டர்கள் ஐந்து ஆண்டுகளுக்கு அப்பதவி வகிக்கும் தகுதியை இழக்கிறார்கள். 2017ஆம் ஆண்டில் இந்த விதிகள் முழு வேகத்தோடு பிரயோகிக்கப்பட்டபோது, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளின் பெயர்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட டைரக்டர்கள் தகுதியிழந்தார்கள்.

இத்தனை பத்திரங்களில் சாதாரண ஜனங்களுக்கு மிகுந்த உபயோகமுள்ளது எது என்று என்னைக் கேட்டால், ஈட்டுக் கடன் பதிவேட்டைத்தான் சொல்வேன். கம்பெனி தன் நிலத்தையோ, யந்திரங்களையோ, கிடங்கிலுள்ள சரக்கையோ ஈடு வைத்துக் கடன் வாங்கினால், அந்த ஏற்பாட்டை 30 நாளைக்குள் பதிவாளரிடம் எழுதிவைக்கவேண்டும். அந்தப் பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தால், கடன் கொடுத்த வங்கியின் பெயர், ஈட்டுப் பத்திரம் எழுதிய தேதி, கடன் தொகை, வட்டி, தவணை நிபந்தனைகள், ஈடு வைக்கப்பட்ட சொத்து இன்னதென்ற வர்ணனை, நிலமாயின் சர்வே நம்பரும் எல்லைகளுங்கூட, வரிசையாக எழுதப்பட்டிருக்கும். கடன் தீர்ந்தால் தீர்ந்த தேதியும் ஏறும். ஆலை முதலாளி காரில் வந்திறங்கிப் பெரிய கட்டடத்தைக் கைகாட்டி, இவ்வளவும் நம்முடையது என்று சொல்லும்போது, கடனுக்குப் பஞ்சு அனுப்பவிருக்கும் வியாபாரி, கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் 100 ரூபாய் கட்டிப் பார்த்தால், அக்கட்டடத்தின் அடிக்கல்லிலிருந்து கூரைத் தகடு வரை எந்த வங்கியிடம் அடகில் இருக்கிறது என்பதைத் தம் வீட்டில் இருந்தபடியே தெரிந்துகொள்ளலாம். வங்கிக்கும் இதில் கட்டாயம் உண்டு. பதியாத ஈடு, கம்பெனி கலைக்கப்படும்போது அதைக் கலைக்கும் அதிகாரிக்கும் மற்றக் கடன்காரருக்கும் எதிராகச் செல்லாது. எத்தனை கோடி கொடுத்திருந்தாலும், அந்த ஈட்டின் முன்னுரிமையைக் காட்டி வங்கி முந்திக்கொள்ள முடியாது. ஊரறியச் சொல்லாத உரிமையை ஊருக்கு எதிராகச் சாதிக்கமுடியாது என்ற இந்த நியாயம் கம்பெனிச் சட்டத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

இதுவரை சொன்னவை கம்பெனி தானாகக் கொடுப்பவை. அதிகாரி கேட்டுப் பெறுபவை வேறு வகை. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 206ஆம் பிரிவின்படி, தாக்கலான பத்திரத்தில் தெளிவில்லையென்றால் பதிவாளர் எழுத்து மூலமாக விளக்கமும் மேற்கொண்டு தஸ்தாவேஜுகளும் கோரலாம். கொடுக்கவில்லை என்றாலோ, கொடுத்தது போதவில்லை என்றாலோ, கணக்குப் புத்தகங்களையே வரவழைத்துச் சோதிக்கலாம். சோதிக்கும் அதிகாரிக்கு ஆட்களை அழைத்துப் பிரமாணம் வாங்கி விசாரிப்பதில் சிவில் கோர்ட்டுக்குள்ள அதிகாரம் உண்டு. புத்தகங்கள் அழிக்கப்படும் அபாயம் இருந்தால், விசேஷ நீதிமன்றத்தின் உத்தரவு பெற்றுக் கைப்பற்றவும் செய்யலாம். இதற்கெல்லாம் துணையாக, கணக்குப் புத்தகங்களை எட்டு ஆண்டுகள் காத்துவைக்கவேண்டும் என்றும், கம்ப்யூட்டரில் எழுதும் கணக்காயின் அதன் பிரதி ஒன்று தினந்தோறும் இந்திய எல்லைக்குள் இருக்கும் சர்வரில் சேமிக்கப்படவேண்டும் என்றும், 2023 ஏப்ரல் முதல், எழுதியதைத் திருத்தினால் எப்போது திருத்தப்பட்டது என்ற தடயத்தை அழிக்கமுடியாத மென்பொருளிலேயே கணக்கு எழுதவேண்டும் என்றும் விதிகள் இருக்கின்றன.

இவ்வளவு பலத்த அதிகாரம் இருக்கும் இடத்தில் இரண்டு நியாயமான கேள்விகள் எழுகின்றன. தன் வாயாலேயே தன்னைக் குற்றவாளியாக்கிக்கொள்ள யாரையும் நிர்ப்பந்திக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 20ஆம் விதி சொல்கிறதே, கம்பெனியின் பொறுப்பாளியைப் பிரமாணத்தின்மேல் கேள்வி கேட்பது அதற்கு முரணாகாதா என்பது ஒன்று. ஆலை ஒன்றின் நிர்வாகத்தைப் பற்றி எழுந்த நாராயணலால் பன்ஸிலால் வழக்கில், 1960இல் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொல்லிற்று: அந்தப் பாதுகாப்பு குற்றம் சாட்டப்பட்டவருக்கு உரியது, கம்பெனியின் விவகாரங்களை ஆராயும் இன்ஸ்பெக்டர் முன்னிலையில் நிற்பவர்மீது இன்னும் குற்றச்சாட்டே பிறக்கவில்லையாதலால், அவர் பதில் சொல்ல மறுக்கமுடியாது.

மற்றொன்று இதைவிடப் பெரியது. அதிகாரி தமக்குத் தோன்றியபோதெல்லாம் ஒரு கம்பெனியின்மேல் விசாரணையை ஏவலாமா? ஆந்திரத்தில் தொடங்கப்பட்ட பேரியம் கெமிக்கல்ஸ் என்ற கம்பெனியின் விவகாரங்களை ஆராயும்படி 1965இல் கம்பெனிச் சட்ட வாரியம் உத்தரவிட்டது. மோசடி நோக்கம் இருப்பதாக வாரியம் கருதினால் போதும் என்பது அன்றைய சட்டத்தின் வாசகம். வாரியம் கூறிய காரணங்களோ தொழிற்சாலை அமைப்பதில் தாமதம், நஷ்டம், நிர்வாகத்தில் குறைபாடு என்பவை. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் மூவர், 1966இல், அந்த உத்தரவை ரத்து செய்தனர். கருதுவது அதிகாரியின் மனத்தைப் பொறுத்ததாயினும், அப்படிக் கருதுவதற்கு ஆதாரமான சூழ்நிலை மெய்யாகவே இருந்தாகவேண்டும். நஷ்டம் வேறு, மோசடி வேறு என்பது அவர்கள் தீர்ப்பின் சாரம். வியாபாரத்தில் தோற்றவனையெல்லாம் திருடனாகப் பார்க்கும் மனோபாவத்துக்கு அன்று போடப்பட்ட தடை இன்றும் நிற்கிறது. கம்பெனிகள் வெளிப்படையாக நடக்கவேண்டும் என்று விரும்புகிறவர்கள் இந்தத் தீர்ப்பைச் சங்கடமாகக் கருதவேண்டியதில்லை. காரணம் சொல்லாத அதிகாரியிடம் மனமுவந்து உண்மை சொல்லும் வியாபாரியை நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் தவணை தவறாமல் தாக்கலாகும் பத்திரம் உண்மையான பத்திரமாகத்தான் இருக்கும் என்று யார் உறுதி சொல்வது? 2009 ஜனவரி 7ஆம் தேதி, ஹைதராபாத் சத்யம் கம்பியூட்டர்ஸ் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம் அந்தக் கேள்வியை நாடு முழுவதற்கும் எழுப்பிற்று. வங்கியில் இருப்பதாகக் கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்தக் கம்பெனி யாருடைய கண்ணிலும் படாத சின்ன ஸ்தாபனம் அன்று; அந்நிய நாட்டுப் பங்குச் சந்தையிலும் பங்குகள் விற்பனையான பெரிய கம்பெனி; கணக்குகள் தணிக்கையாயின, தாக்கலாயின, பிரசுரமாயின. வங்கிக்கு ஒரு கடிதம் நேராக எழுதிச் சரியாக விசாரித்திருந்தால் வெளிப்பட்டிருக்கக்கூடிய பொய், பல வருஷம் உண்மையின் உடையில் உலாவிற்று.

இந்த அனுபவத்தின் பலனாக 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் சில கடுமையான ஏற்பாடுகள் வந்தன. மோசடிக்கு ஆறு மாதம் முதல் பத்து ஆண்டு வரை சிறை. தாக்கல் செய்யும் பத்திரத்தில் தெரிந்தே பொய் எழுதினாலும் அதே தண்டனை. 2003 முதல் நிர்வாக உத்தரவின்மேல் நடந்துவந்த தீவிர மோசடி விசாரணை அலுவலகத்துக்குச் சட்ட அந்தஸ்து கிடைத்தது. ஆடிட்டருக்கும் ஒரு புதிய கடமை விதிக்கப்பட்டது. கணக்கைச் சோதிக்கும்போது, கம்பெனிக்கு எதிராக அதன் உத்தியோகஸ்தர்களோ ஊழியர்களோ ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத மோசடி செய்திருப்பதாக நம்ப அவருக்குக் காரணம் இருந்தால், இரண்டு நாளைக்குள் நிர்வாக சபைக்கு எழுதி, 45 நாளைக்குள் பதில் கேட்டு, பதில் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த 15 நாளைக்குள் மத்திய அரசாங்கத்துக்கு அறிவிக்கவேண்டும். கூலி கொடுக்கிறவர்மேல் கோள் சொல்லும் காரியமாக இதைச் சிலர் கருதுகிறார்கள். ஆடிட்டர் கையெழுத்தை நம்பித்தான் முன்பின் அறியாத ஆயிரக்கணக்கானோர் பணம் போடுகிறார்கள் என்பதை நினைத்தால், அவருடைய கடமை கூலி கொடுப்பவரோடு முடிந்துவிடுவதாக எண்ண இடமில்லை.

பொய் சொல்வது ஒரு வகை மறைப்பு என்றால், அளவுக்கு மீறிக் கொட்டுவது இன்னொரு வகை மறைப்பு. சஹாரா குழுமத்தின் இரண்டு கம்பெனிகள், கோடிக்கணக்கான சிறு முதலீட்டாளரிடமிருந்து கடன் பத்திரங்களின்மேல் ஏறத்தாழ 24,000 கோடி ரூபாய் திரட்டின. பதிவாளரிடம் பத்திரம் தாக்கல் செய்துவிட்டோம், பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பாகிய செபிக்கு இதில் அதிகாரமில்லை என்று வாதித்தன. 2012 ஆகஸ்ட் 31ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளி, பணத்தை வட்டியோடு திருப்பும்படியும் முதலீட்டாளர் விவரங்களைச் செபியிடம் ஒப்படைக்கும்படியும் உத்தரவிட்டது. விவரங்கள் 127 லாரிகளில் வந்திறங்கின: 31,000க்கு மேற்பட்ட பெட்டிகள், அவற்றுக்குள் கோடிக்கணக்கான விண்ணப்பத் தாள்கள். அவற்றைப் பிரித்து, அடுக்கி, படம் பிடித்து, பெயரும் விலாசமும் ஒத்துப்பார்ப்பதே தனியொரு தொழிலாயிற்று. தகவலை எந்த வடிவத்தில், எந்த ஒழுங்கில் கொடுக்கவேண்டும் என்று சட்டம் நுணுக்கமாக விதிப்பதைப் படிவ மோகம் என்று அலுத்துக்கொள்கிறவர்கள் அந்த லாரிகளை நினைத்துப் பார்க்கவேண்டும்.

இனி, சர்க்கார் கையில் சேர்ந்த தகவல் குடிமகன் கைக்கு வருகிறதா என்பதைப் பார்ப்போம். பதிவாளரிடம் கட்டணம் கட்டிப் பார்க்கக்கூடிய பத்திரங்களுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுப் போடவேண்டியதில்லை, கம்பெனிச் சட்டம் காட்டும் வழியிலேயே போகவேண்டும் என்று 2012இல் டில்லி உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. பதிவேட்டில் இல்லாத மற்ற விஷயங்களுக்கு 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டமே கதி. அதிலும் தடைகள் உண்டு. வர்த்தக ரகசியம், போட்டியாளரிடையே கம்பெனியின் நிலையைப் பாதிக்கும் விவரம் ஆகியவற்றை, பெரியதொரு பொதுநலன் கோரினாலன்றி, அதிகாரி தர மறுக்கலாம். இதை நான் குறை கூறமாட்டேன். மருந்து தயாரிக்கும் பக்குவமும் வாடிக்கைக்காரர் பட்டியலும் சந்தையில் கூவி விற்கும் பொருள்கள் அல்ல. கம்பெனியைப் பற்றிய ரகசியத் தகவலை ஒருவர் கேட்டால், ஐந்து நாளைக்குள் அந்தக் கம்பெனிக்கு நோட்டீஸ் கொடுத்து, பத்து நாள் அவகாசம் அளித்து, அதன் ஆட்சேபத்தையும் கேட்டபின், 40 நாளைக்குள் முடிவு செய்யவேண்டும் என்ற முறையும் நியாயமானதே.

ஆனால் தடை இல்லாத இடத்திலும் தடை இருப்பதாகக் காட்டும் பழக்கம் உண்டு. வங்கிகளைச் சோதனையிட்ட அறிக்கைகளைத் தரமுடியாது, அவை நம்பிக்கையின்பேரில் எம்மிடம் ஒப்படைக்கப்பட்டவை என்று ரிசர்வ் வங்கி பல ஆண்டுகள் சொல்லிவந்தது. ஜயந்திலால் மிஸ்திரி வழக்கில், 2015 டிசம்பர் 16ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது. ரிசர்வ் வங்கி தன் சட்டக் கடமையின்படி கேட்டுப் பெற்ற தகவல் அது. எந்தவொரு வங்கியின் நலனையும் தனிப்படக் காக்கும் பொறுப்பு அதற்கில்லை. வைப்புத்தொகை போட்ட ஜனங்களின் நலனையும் நாட்டின் பொருளாதார நலனையும் காப்பதே அதன் பொறுப்பு என்று தீர்ப்பு கூறிற்று. அதன் பின்னும் சில வங்கிகள் அந்நீதிமன்றத்தின் கதவை மீண்டும் தட்டியிருக்கின்றன, வழக்கு ஓய்ந்தபாடில்லை. என்றாலும், தகவலை வைத்திருக்கும் அதிகாரி யாருக்குத் தர்மகர்த்தா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை நம் சட்டத்தில் எழுதப்படவில்லை.

அந்த விடையின் முழு வேகமும் தேர்தல் பத்திர வழக்கில் தெரிந்தது. ஒரு கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் ஏழரை சதவீதத்துக்கு மேல் அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை தரக்கூடாது, எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்று கணக்கில் காட்டவேண்டும் என்று கம்பெனிச் சட்டத்தின் 182ஆம் பிரிவு விதித்திருந்தது. 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வரம்பையும் நீக்கிற்று, கட்சியின் பெயர் சொல்லும் கடமையையும் நீக்கிற்று. மொத்தத் தொகையை மட்டும் ஒரு வரியில் எழுதினால் போதும் என்றாயிற்று. பங்குதாரர் தம் பணம் எந்தக் கட்சிக்குப் போயிற்றென்று அறியார். வாக்காளர் தம் கட்சிக்குப் பணம் யாரிடமிருந்து வந்ததென்று அறியார். கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வாங்கப்பட்ட தேர்தல் பத்திரங்களை விற்ற ஸ்டேட் வங்கியின் பதிவேடுகளில் மட்டும் எல்லாம் இருந்தது. 2024 பிப்ரவரி 15ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக இந்த ஏற்பாட்டைச் செல்லாதென்று அறிவித்து, விவரங்களைத் தேர்தல் கமிஷனிடம் கொடுக்கும்படி வங்கிக்கு உத்தரவிட்டனர். ஜூன் 30 வரை அவகாசம் வேண்டும் என்று வங்கி கேட்டது. மார்ச் 11ஆம் தேதி நீதிமன்றம் மறுத்தது. மறுநாளே விவரங்கள் கமிஷனை அடைந்தன. 14ஆம் தேதி நாட்டு மக்கள் அனைவரும் வாசிக்கும்படி பிரசுரமாயின. மாதக்கணக்கில் முடியாதென்று சொல்லப்பட்ட காரியம் ஒரே நாளில் முடிந்தது.

எஞ்சியிருக்கும் பெரிய இருட்டு ஒன்று உண்டு. பதிவேட்டில் பங்குதாரர் என்று எழுதியிருக்கும் பெயர் பல சமயம் ஒரு மனிதருடையதாக இருப்பதில்லை. கோயம்புத்தூர் ஆலை ஒன்றின் பங்குகள் பம்பாய்க் கம்பெனி ஒன்றிடம். அதன் பங்குகள் கடல் கடந்த தீவிலுள்ள கம்பெனியிடம். அதற்கும் மேலே ஒரு டிரஸ்டு. இப்படிப் படிப்படியாக ஏறிப்போனால், லாபத்தை அனுபவித்துத் தீர்மானங்களை ஆட்டிவைக்கும் மனிதர் எங்கோ உச்சியில் பெயரில்லாமல் இருப்பார். அவரை வெளிக்கொணர்வதற்காகவே கம்பெனிச் சட்டத்தின் 90ஆம் பிரிவும் அதன்கீழ் 2018இல் வந்து 2019இல் திருத்தப்பட்ட விதிகளும் இருக்கின்றன. மறைமுகமாகவேனும், மறைமுகமும் நேர்முகமும் சேர்ந்தேனும், பத்து சதவீதப் பங்கோ வாக்கோ லாபமோ யாருக்குப் போகிறதோ, அல்லது நிர்வாகத்தின்மேல் யாருக்குக் கணிசமான பிடி இருக்கிறதோ, அந்த மனிதர் தாம் இன்னார் என்று கம்பெனிக்கு எழுதிக்கொடுக்கவேண்டும். கம்பெனி 30 நாளைக்குள் பதிவாளருக்கு அறிவிக்கவேண்டும். சந்தேகம் இருந்தால் கம்பெனியே நோட்டீஸ் கொடுத்துக் கேட்கவேண்டும். விடை வராவிட்டால், கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போய் அந்தப் பங்குகளின் வாக்குரிமையையும் லாபத்தையும் முடக்கக் கோரவேண்டும்.

பிரிட்டனில் 2016 முதல் இத்தகைய பதிவேடு யாரும் காசின்றிப் பார்க்கும்படி திறந்திருக்கிறது. ஐரோப்பிய யூனியனின் நீதிமன்றமோ, 2022 நவம்பரில், இப்பெயர்களைப் பொதுமக்கள் அனைவருக்கும் திறந்துவைப்பது தனிமனிதரின் அந்தரங்கத்தைப் பாதிக்கிறது என்று தீர்ப்பளித்துவிட்டது. அந்தத் தீர்ப்பின் கவலையை நான் அலட்சியம் செய்யவில்லை. ஒருவரின் வீட்டு விலாசமும் பிறந்த தேதியும் ஊருக்குத் தெரியவேண்டியதில்லை. ஆனால் வரையறுத்த பொறுப்பு என்னும் சலுகையைப் பெற்று அதற்குப் பின்னால் இருக்கிறவர் தம் பெயரையும் மறைத்துக்கொள்வது, 1857இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பாதியை மட்டும் நிறைவேற்றுவதாகும். நம் சட்டத்தின் 90ஆம் பிரிவு, மூன்றாவது உட்பிரிவு, கம்பெனி வைத்திருக்கும் அந்தப் பதிவேட்டைப் பார்க்கும் உரிமையை அதன் பங்குதாரருக்கு மட்டும் கொடுத்திருக்கிறது. விதிகளின்படி ஒரு முறை பார்க்க 50 ரூபாய்க்கு மேல் கேட்கக்கூடாது. அதே 50 ரூபாயை வைத்துக்கொண்டு அக்கம்பெனியில் வைப்புத்தொகை போட்டிருப்பவரும், சம்பளம் வாங்கும் தொழிலாளியும், சரக்கைக் கடனுக்குக் கொடுத்தவரும் அலுவலக வாசலில் வந்து நின்றால் அவர்களுக்கும் அந்தப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டும்படி, பார்லிமெண்டு அந்த உட்பிரிவைத் திருத்தவேண்டும்.